இஸ்திரிப் பெட்டிக்கு வாட் சரி, மோட்டாருக்குத் தப்பு: எங்கே கோளாறு?

கிணற்றடி:
வீட்டு மின்செலவைப் பார்க்க எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் ஒரு மீட்டர் செய்திருக்கிறேன். கரண்டுக்கு எஸ்சிடி-013-000 சிடி (வயரைச் சுற்றி மாட்டும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்), அதன் கரண்டை வோல்டேஜாக்க 22 ஓம் பர்டன் ரெசிஸ்டர். வோல்டேஜுக்கு சின்ன டிரான்ஸ்பார்மர் மாட்யூல். ஒரே ஏடிசியில் (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) முதலில் கரண்டு, அடுத்து வோல்டேஜ் என மாற்றி மாற்றி எடுக்கிறேன், ஒவ்வொன்றும் நொடிக்கு 5000 சாம்பிள்.

லோடே இல்லாதபோதும் 0.2 ஆம்பியர் காட்டியது. நாய்ஸ்தான் (இரைச்சல்) என்று கரண்டு பக்கம் மட்டும் 1 கிலோ ஓம், 1 மைக்ரோஃபேரட் ஃபில்டர் போட்டேன், அடங்கிவிட்டது. கிளாம்ப் மீட்டரை வைத்து ஆம்பியரையும் சரிசெய்தேன். இஸ்திரிப் பெட்டிக்கு பவர் ஃபேக்டர் (வாட்டை வோல்ட், ஆம்பியர் பெருக்கலால் வகுத்தது) 0.95, 0.96 என்றே வந்ததால் வாட்டை 1.045-ஆல் பெருக்கிவிட்டேன்.

இப்போது 1 ஹெச்பி மோட்டார் 5 ஆம்பியர், 550 வாட், பவர் ஃபேக்டர் 0.48 என்கிறது. இபி மீட்டரில் (யூனிட்டுக்கு 3200 இம்பல்ஸ்) விளக்கு 10 முறை மின்ன 14 நொடி ஆகிறது. கணக்குப் போட்டால் 800 வாட். சிடி பழுதா?

பழைய சால்டர்:
சிடி நல்லாத்தான் இருக்கு தம்பி. இஸ்திரிப் பெட்டிக்குப் பவர் ஃபேக்டர் 1 வரணும். அது 0.96 என்றபோதே கோளாறு சொல்லிவிட்டது, நீங்கள் பெருக்கி வாயை அடைத்துவிட்டீர்கள்.

உங்கள் ஃபில்டரின் கட்-ஆஃப் (எந்த அதிர்வெண்ணுக்கு மேல் குறைக்கிறது என்பது) 159 ஹெர்ட்ஸ். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் அது கரண்டை 17.4 டிகிரி பின்தள்ளும். வோல்டேஜ் பக்கம் அந்தத் தாமதம் இல்லை. போதாததற்கு வோல்டேஜ் சாம்பிள் 100 மைக்ரோ செகண்ட் பிந்தி வருவதால் இன்னும் 1.8 டிகிரி. இஸ்திரிப் பெட்டிக்கு இது நாலைந்து சதவீதப் பிழைதான். ஏற்கெனவே 45 டிகிரி பின்தங்கும் மோட்டாருக்கு மூன்றில் ஒரு பங்கே காணாமல் போகும்.

வயர்மேன் மகன்:
அண்ணா, புரோகிராம் கோடில் கரண்டை 17 டிகிரி முன்னே நகர்த்தினால் போதாதா? எதற்குச் சால்டரிங்?

பழைய சால்டர்:
மோட்டாருக்கு மட்டும் என்றால் போதும். எல்இடி பல்பு, கம்ப்யூட்டர் சப்ளை எல்லாம் 150 ஹெர்ட்ஸையும் சேர்த்து இழுக்கும். இந்த ஃபில்டர் 50 ஹெர்ட்ஸை 969 மைக்ரோ செகண்ட் தாமதிக்கிறது, 150-ஐ சுமார் 800 மட்டும். அதோடு 150-இன் அளவையும் கால் பங்குக்கு மேல் குறைத்துவிடும். ஒரே நகர்த்தலில் இரண்டும் சரியாகாது. 1 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபேரட் என்றால் இரண்டுக்குமே ஏறக்குறைய 100 மைக்ரோ செகண்ட். அதைக் கோடு சுலபமாகச் சமாளிக்கும்.

ஃபில்டரே வேண்டாம் என்றும் விட முடியாது. 4950 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வந்தால், 5000 சாம்பிளில் அது 50 ஹெர்ட்ஸாகவே தெரியும். அப்புறம் எந்தக் கோடாலும் பிரிக்க முடியாது. அந்தச் சின்ன ஃபில்டர் அதை மூன்றில் ஒன்றாக்கும், அவ்வளவுதான். முடிந்தால் சாம்பிள் வேகத்தையும் ஏற்றுங்கள்.

செய்ய வேண்டியது: இரண்டு பக்கமும் அதே 0.1 ஃபில்டர், ஃபிலிம் கெப்பாசிட்டர். உங்கள் சிப் எஃப்103 என்றால் இரண்டு ஏடிசி இருக்கும், ஒரே நேரத்தில் சாம்பிள் எடுக்க வையுங்கள். 1.045-ஐத் தூக்கிவிட்டு, ஆம்பியரை மறுபடி அளவுபடுத்துங்கள்.

அந்த 0.2 ஆம்பியர் நாய்ஸுக்கு பயப்படவே வேண்டாம். வோல்டேஜோடு சம்பந்தமில்லாத நாய்ஸ், பெருக்கிச் சராசரி எடுக்கும்போது வாட்டில் தானே கரைந்துவிடும். ஆம்பியரில் மட்டும் நிற்கும். அங்கே ஆம்பியரின் வர்க்கத்திலிருந்து நாய்ஸின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள்.

கிணற்றடி:
செய்துவிட்டேன் சார். இப்போது மோட்டார் 835 காட்டுகிறது. குறைவு போய்க் கூடுதல்! இஸ்திரிப் பெட்டிக்குப் பவர் ஃபேக்டர் 0.999. இதற்கு மேல் என்ன திருத்துவது?

பழைய சால்டர்:
பவர் ஃபேக்டரைப் பார்க்காதீர்கள். 1-க்குப் பக்கத்தில் அது அசையவே அசையாது, 2 டிகிரி பிழையும் அதில் ஒளிந்துகொள்ளும். இஸ்திரிப் பெட்டிக்கு வார் (விஏஆர், வேலை செய்யாமல் போய்வரும் பவர்) எவ்வளவு?

கிணற்றடி:
1000 வாட்டுக்கு மைனஸ் 38.

பழைய சால்டர்:
2.2 டிகிரி. சிடி கரண்டை முன்னே தள்ளுகிறது, அது அதன் சுபாவம். நேரத்தில் 122 மைக்ரோ செகண்ட், அதாவது 0.61 சாம்பிள். புதிய கரண்டு சாம்பிளில் 0.39 பங்கும் முந்தையதில் 0.61 பங்கும் கூட்டி, அதை வோல்டேஜோடு பெருக்குங்கள். வார் பூஜ்யமாகும்வரை அந்த 0.61-ஐ லேசாகத் திருகுங்கள்.

கிணற்றடி:
806 வாட்! விளக்கு அதே 10 மின்னல், 14 நொடி. ஆனால் ஃபேன் மட்டும் ஓடினால் இன்னும் இடிக்கிறது.

பழைய சால்டர்:
கரண்டு குறையக் குறைய இந்த சிடியின் கோணப்பிழை ஏறும், ஒரே எண் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஃபேனைத் தனியாக அளக்க, மெயினை அணைத்துவிட்டு அதன் ஃபேஸ் வயரை சிடிக்குள் ஐந்து சுற்று விடுங்கள். வரும் ஆம்பியரையும் வாட்டையும் ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.