5 எஸ் செய்தும் கடன் விண்ணப்பம் 3 கிழமை இழுபடுகிறது. என்ன செய்யலாம்?

வட்டக்கச்சி கிளாக்கர்:
கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிறிய கடன் சங்கத்தில் வேலை செய்கிறேன். போன வருடம் 5 எஸ் பயிற்சி எடுத்தோம், வேண்டாததைக் கழித்து வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானிய முறை அது. பழைய பேப்பர் மூன்று சாக்கு கழித்தோம், கோவைகளுக்கு நிறப்பட்டி ஒட்டினோம், சீலுக்கும் மைப்பெட்டிக்கும் மேசையில் கோடு கீறி இடம் வைத்தோம். கந்தோர் வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் ஒன்று முடிய முந்திப் போலவே 3 கிழமை. பெரும்போக விதைப்புக்குக் கேட்ட காசு பயிர் முளைத்த பிறகு கிடைத்து என்ன பயன்? அக்கராயனிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு அம்மாவைப் பிணையாளியின் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பினேன். அன்று முழுக்க மனம் சரியில்லை.

லைன் அனுபவம்:
ஆடைத் தொழிற்சாலையில் 6 வருடம் இருந்தவன் நான். 5 எஸ், தேடுகிற நேரத்தைக் குறைக்கும். உங்களுக்கு நேரம் போவது காத்திருப்பில். டொயோட்டா கார் கம்பனியின் பொறியியலாளர் தாயிச்சி ஓனோ சொன்ன 7 விரயங்களில் காத்திருப்பும் ஒன்று, தேங்கிய சரக்கும் ஒன்று. தையல் லைனில் துணி குவிந்தால் எல்லோர் கண்ணிலும் படும். கோவை லாச்சிக்குள் குவிந்தால் யாருக்குத் தெரியும்? நாளைக்கு வரும் 10 விண்ணப்பத்தில் ஒவ்வொரு துண்டு பின் பண்ணுங்கள்: மேசைக்கு வந்த நேரம், கையில் எடுத்த நேரம், விட்ட நேரம். ஒரு கணக்கும் பாருங்கள். நிலுவையில் 60 இருந்து, நாளுக்கு 4 முடிந்தால், இன்று கொடுப்பவருக்கு 15 வேலை நாள். சரியாக உங்கள் 3 கிழமை. ஆட்களை விரட்டி இது குறையாது.

மாங்குளம்:
துண்டில் ஆளின் பெயர் வேண்டாம் அண்ணை, மேசையின் பெயர் போடுங்கள். நான் முன்பு வேலை செய்த இடத்தில் பெயர் போட்டதால் பயத்தில் நேரத்தை மாற்றி எழுதினார்கள்.

வட்டக்கச்சி கிளாக்கர்:
துண்டுகள் திரும்பி வந்துவிட்டன. ஒரு விண்ணப்பத்தில் உண்மையாக வேலை நடப்பது 50 நிமிடம் அளவில்தான்! மிச்ச நாளெல்லாம் கோவை சும்மா கிடந்திருக்கிறது. கூடுதலாகக் கிடந்த இடம் முகாமையாளரின் மேசை, ஏனென்றால் செவ்வாய் மட்டும்தான் கையொப்பம். ஏன் செவ்வாய் என்று கேட்டுக்கொண்டே போனோம். முந்தி அவர் இரண்டு கிளைக்குப் பொறுப்பு, செவ்வாயில்தான் இங்கே வருவாராம். இப்போது தினமும் இங்கேதான் இருக்கிறார், செவ்வாய் வழக்கம் மட்டும் அப்படியே தொடர்கிறது.

பத்தில் நான்கு, பிணையாளி கையெழுத்தில்லாமல் திரும்பியவை. நிரப்பிய மாதிரிப் படிவம் ஒன்றைக் கவுண்டரில் ஒட்டி, பிணையாளி கையொப்பமிடும் இடத்தைச் சிவப்பால் வட்டமிட்டிருக்கிறோம். வாங்கும்போதே பார்க்கிறோம். அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கும் பிரதி கொண்டு போகிறேன், வீட்டிலிருந்து வெளிக்கிடும் முன்பே பார்க்கட்டும். ஒரே விபரத்தை மூன்று பதிவேட்டில் எழுதுவதை இன்னும் தொடவில்லை.

இன்று வியாழன். காலை 10 மணிக்கு முகாமையாளர் தானே வந்து கையொப்பத்துக்குக் கோவை இருக்கிறதா என்று கேட்டார். ஏழு இருந்தது.