பெய்ஜிங் வசந்தத்தில் உடல்நலம்: புளிப்பைக் குறைத்து இனிப்பைக் கூட்டச் சொல்வது ஏன்?

கேள்வி: பெய்ஜிங்வாசி

அனைவருக்கும் வணக்கம். கணவரின் வேலை நிமித்தம் பெய்ஜிங்கில் வசித்து வருகிறேன். பிப்ரவரி 4ஆம் தேதி வாக்கில் வரும் லிச்சுன் நாளிலேயே வசந்தம் பிறந்துவிட்டதாக இங்குள்ள நாட்காட்டி சொல்கிறது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் மூதாட்டி அந்த நாள் தொடங்கி எனக்கு உணவு, உடை, உறக்கம் என ஒவ்வொன்றுக்கும் அன்போடு அறிவுரை கூறி வருகிறார். ஆட்டிறைச்சியையும் வினிகரையும் புளித்த பழங்களையும் குறைக்க வேண்டும், ஷான்யாவ் கிழங்கும் உலர்ந்த சீன இலந்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், வெயில் அடித்தாலும் பஞ்சு வைத்த கால்சட்டையைக் கழற்றக் கூடாது, எதற்கும் கோபப்படக் கூடாது என்பவை அவற்றில் சில.

வசந்தத்துக்கு உரிய உறுப்பு கல்லீரல் என்றும், கல்லீரலுக்கு உரிய சுவை புளிப்பு என்றும் அவரே கூறுகிறார். அப்படியானால் புளிப்பைக் கூட்டத்தானே வேண்டும்? குவாங்சோவைச் சேர்ந்த என் கணவரின் சக ஊழியரோ, இந்தப் பருவத்தில் இலந்தை உடம்பில் ஈரத்தைச் சேர்த்துவிடும் என்று தடுக்கிறார். மதுரையிலிருந்து பேசும் என் தாயார், இளவேனிலில் கபம் மிகும் என்பதால் இனிப்பையே தொடாதே என்கிறார். மூவரில் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் கணவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்து வருகிறார். மார்ச் மாதம் வந்தால் அவருக்குக் கண் அரிப்பும் தலைபாரமும் வருகின்றன. செவ்வந்திப்பூவும் கோஜிப் பழமும் போட்ட தேநீரை மூதாட்டி அவருக்குப் பரிந்துரைத்திருக்கிறார். அதைக் கொடுக்கலாமா?

பதில் 1: தியான்ஜின் மாணவன்

வணக்கம் சகோதரி. தியான்ஜினில் சீன மரபு மருத்துவம் பயின்று வருகிறேன். மூதாட்டி சொல்வது அவராகக் கற்பித்துக்கொண்டது அன்று. வசந்த காலத்தில் புளிப்பைக் குறைத்து இனிப்பைக் கூட்டி மண்ணீரலைப் பேண வேண்டும் என்பது, தாங் வம்சக் காலத்தில் வாழ்ந்து 682இல் மறைந்த மருத்துவர் சுன் சிமியாவ் எழுதிவைத்த விதி.

அதன் காரணம் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்து மூலங்களின் உறவில் இருக்கிறது. வசந்தம் மர மூலத்துக்கு உரியது. கல்லீரலும் பித்தப்பையும் அதைச் சார்ந்தவை. செரிமானத்துக்குப் பொறுப்பாக இம்மருத்துவம் கருதும் மண்ணீரலும் இரைப்பையும் மண் மூலத்தைச் சார்ந்தவை. மரம் மண்ணை அடக்கும் இயல்புடையது என்பதால், கல்லீரலின் ஆற்றல் தானாகவே பொங்கி எழும் இந்தப் பருவத்தில் அது அளவு மீறினால், முதலில் அடிபடுவது செரிமானம்தான். பசி மந்தம், வயிற்று உப்புசம், மலம் இளகிப்போதல் ஆகியவற்றை இவர்கள் அப்படித்தான் விளக்குகிறார்கள். போதாக்குறைக்குப் புளிப்பு சுருக்கி உள்ளே இழுத்துப் பிடிக்கும் சுவை. வசந்தமோ வெளியே விரிய வேண்டிய காலம். எனவே, ஏற்கெனவே வலுத்து நிற்பவனுக்கு மேலும் சோறிடாமல், அவனிடம் அடிபடப்போகிறவனைத் தேற்றி வைப்பதுபோல, புளிப்பைத் தவிர்த்து மண்ணீரலுக்கு உகந்த இனிப்பைக் கொடுக்கச் சொல்கிறார்கள். கல்லீரலின் இரத்தம் குறைந்து வாடிய நிலையில் இருப்பவருக்கு வசந்தத்திலும் புளிப்பான மருந்தைக் கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. பொது விதி நலமாக இருப்பவருக்கே உரியது.

இங்கே இனிப்பு என்றால் சர்க்கரையோ பலகாரமோ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அரிசி, வட சீனத்தார் அன்றாடம் குடிக்கும் தினைக் கஞ்சி, ஷான்யாவ், இலந்தை ஆகியவற்றின் இயல்பான மென்சுவையே அது. உங்கள் தாயார் தடுப்பது கபத்தைக் கூட்டும் கனத்த, நெய்ப்பான இனிப்புகளை. அவற்றை உங்கள் மூதாட்டியும் வரவேற்கமாட்டார். இருவருடைய கணக்கும் வேறு, ஆனால் உங்கள் தட்டில் அவர்கள் அவ்வளவாக மோதிக்கொள்ளவில்லை.

கோபத்தைப் பற்றி அவர் சொன்னதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இந்த மருத்துவத்தின் மீது பற்று வந்ததே அந்தப் பகுதியைப் படித்த பிறகுதான். ஹுவாங்டி நெய்ஜிங் என்னும் பழம்பெரும் நூலில், நான்கு பருவங்களுக்கு ஏற்ப மனத்தை இசைவித்தல் பற்றிய அதிகாரம் ஒன்று இருக்கிறது. வசந்தத்தின் மூன்று மாதங்களில் இரவு சற்றுத் தாமதித்துப் படுத்து அதிகாலையில் எழ வேண்டும், முற்றத்தில் நிதானமாக அகல நடக்க வேண்டும், கூந்தலை அவிழ்த்துவிட்டு உடையைத் தளர்த்திக்கொள்ள வேண்டும், மனத்தின் விருப்பங்களை முளைக்க விட வேண்டும் என்று அது கூறுகிறது. அதோடு நில்லாமல், உயிர்ப்பிக்க வேண்டும் கொல்லலாகாது, கொடுக்க வேண்டும் பறிக்கலாகாது, பாராட்ட வேண்டும் தண்டிக்கலாகாது என்றும் சொல்கிறது. இந்நெறியை மீறினால் கல்லீரல் நலிந்து, அதன் விளைவு கோடையில் குளிர் நோயாக வெளிப்படும் என்கிறது. ஒரு பருவத்தில் நாம் செய்யும் தவறு அடுத்த பருவத்தில்தான் தெரியவரும் என்னும் இந்தப் பார்வையை வேறு எதையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்.

தாமதமாகப் படுப்பது என்பதை நள்ளிரவு வரை விழித்திருப்பதற்கான அனுமதியாகக் கொள்ளக் கூடாது. குளிர்காலத்தில் சீக்கிரம் படுத்து வெயில் வந்த பின் எழச் சொல்லும் அதே அதிகாரத்தோடு ஒப்பிட்டால்தான் அது தாமதம். இரவு 11 மணிக்குள் உறங்கிவிட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவர்கள் சொல்லும் வழக்கம்.

கால்சட்டையைப் பொறுத்தவரை, மூதாட்டி பக்கமே நான் நிற்கிறேன். பெய்ஜிங்கில் மைய வெப்பமூட்டல் மார்ச் 15ஆம் தேதியோடு நின்றுவிடும். அதன் பிறகு சில நாட்கள் வெளியே வெயிலிலும் வீட்டுக்குள் அதைவிடக் குளிரிலும் இருக்க நேரிடும். வசந்தத்தில் மூடிக்கொள், இலையுதிர் காலத்தில் குளிரைத் தாங்கு என்னும் சீனப் பழமொழி இத்தகைய நாட்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது. மேலாடையை முதலில் குறைத்துக்கொள்ளுங்கள். காலுக்கும் பாதத்துக்கும் உரிய வெம்மையைக் கடைசியாகக் குறையுங்கள். வியர்க்கும் அளவுக்கு மூடிக்கொள்வதும் தவறே.

பதில் 2: முத்தாறு

குவாங்சோவில் நீண்ட காலமாக வணிகம் செய்து வருகிறேன். அந்தச் சக ஊழியர் சொன்னதும் சரி என்பதற்காகவே எழுதுகிறேன். 24 பருவக் கூறுகளைக் கொண்ட அந்த நாட்காட்டி மஞ்சளாற்றுப் படுகையின் வானத்தைப் பார்த்து வகுக்கப்பட்டது. பெய்ஜிங் வசந்தத்தில் காற்றும் வறட்சியும் மிகுதி, சில நாட்கள் புழுதிப் புயலும் வரும். எங்கள் ஊரிலோ தென்சீனக் கடலிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று, குளிர்ந்து கிடக்கும் சுவரிலும் தரையிலும் பட்டவுடன் நீராக மாறிவிடும். ஹுயினான்தியான் என்று இதைச் சொல்வார்கள். மாடிப்படியின் ஓடுகளில் நீர் வழியும், கண்ணாடியில் முகம் தெரியாது, துணி நாட்கணக்கில் காயாது, அலமாரிக்குள் தோல் காலணியின் மேல் பூஞ்சை பூத்துவிடும்.

இத்தகைய காற்றில் வாழ்பவர்களுக்கு உடம்பிலும் ஈரம் தங்குவதாக இங்குள்ள மருத்துவர்கள் கொள்கிறார்கள். நாக்கில் தடித்த வெண்மை படிவதும், காலையில் எழும்போதே உடல் கனப்பதும் அதன் அடையாளங்கள். அதனால்தான் இலந்தைபோல் பிசுபிசுப்பான இனிப்பைத் தவிர்த்து, யீமி என்னும் வெண்மணித் தானியத்தையும் சிறு சிவப்புப் பயற்றையும் வேகவைத்துக் குடிக்கிறார்கள். அத்தி இனத்தைச் சேர்ந்த வூச்சி மாவ்தாவ் வேரைக் கோழியோடோ பன்றி எலும்போடோ சேர்த்துச் சூப்பு வைக்கிறார்கள். அந்த வேர் கொதிக்கும்போது எழும் தேங்காய் மணம் நம்மவர்களுக்கு மிகவும் பிடிக்கும். யீமி குளிர்ச்சியானது என்பதால் வயிறு பலவீனமானவர்கள் அதை வறுத்துக்கொள்வார்கள், கருவுற்றோர் தவிர்ப்பார்கள்.

நீங்கள் இருப்பது பெய்ஜிங்கில். நாக்கில் தடித்த படிவு இல்லாமல், உதடு வெடித்துத் தொண்டை வறண்டிருந்தால் ஈரம் போக்கும் உணவு உங்களுக்கு எதற்கு? மூதாட்டியின் இலந்தைக் கஞ்சியையே குடியுங்கள்.

பதில் 3: மருத்துவர்

ஆங்கில மருத்துவம் பயின்றவன் என்ற முறையில், உங்கள் கணவரைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மரபு மருத்துவத்தில் கல்லீரலின் வாசல் கண் என்பதும் வசந்தத்துக்கு உரிய நோய்க்காரணி காற்று என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்ஜிங்கில் கண் அரித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மகரந்த ஒவ்வாமையை. பூங்காக்களிலும் கோயில் வளாகங்களிலும் நிறைந்திருக்கும் சைப்ரஸ் மரங்களே அங்கு இப்பருவத்தின் முதன்மையான காரணம். கண்ணுக்குத் தெரிந்து பறக்கும் பாப்லர், வில்லோ மரங்களின் பஞ்சைப் பலரும் குற்றம் சொல்வார்கள். அரிப்பைத் தூண்டுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத மகரந்தமே. முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, வீடு திரும்பியவுடன் முகத்தைக் கழுவி உடை மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வாமைப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம்.

செவ்வந்தித் தேநீரை அளவாகக் குடிப்பதில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஆனால் செவ்வந்தி இனத்துச் செடிகளுக்கு ஒவ்வாமை இருப்பவர்களுக்கு அதுவே அரிப்பைக் கூட்டலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கோஜியைத் தவிர்க்க வேண்டும். கடைகளில் விற்கும் கலவைத் தேநீரில் அதிமதுரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தொடர்ந்து உட்கொண்டால் அது இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். கல்லீரலைப் பேணும் என்று விற்கப்படும் ஹெஷோவு வேர் உண்மையில் கல்லீரலையே பாதித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளன. அதை மருத்துவரைக் கேட்காமல் வாங்கவே கூடாது. தலைபாரம் வரும் நாட்களில் தேநீரை நம்பாமல் அழுத்தத்தை அளந்து குறித்து வையுங்கள். எக்காரணம் கொண்டும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

பெய்ஜிங்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அதிமதுரத்தைப் பற்றித் தெரியாமல் இருந்தேன். வீட்டிலிருந்த பொட்டலத்தின் பின்புறத்தில் அந்தப் பெயர் இருக்கிறது, அதை அப்புறப்படுத்திவிட்டேன். கடைசியாக ஒன்று. சந்தையில் சியாங்சுன் என்னும் செந்தளிர் கட்டுக்கட்டாக வந்திருக்கிறது. கூயூ நாளுக்கு முன்பே வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று மூதாட்டி அவசரப்படுத்துகிறார். எப்படிச் சமைப்பது? என் கணவருக்குக் கொடுக்கலாமா?

பதில்: தியான்ஜின் மாணவன்

அவர் அவசரப்படுத்துவதில் பொருள் இருக்கிறது, சகோதரி. ஏப்ரல் 20ஆம் தேதியை ஒட்டி வரும் கூயூவுக்குப் பிறகு தளிர் முற்றி நார் பிடித்துவிடும். நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. ஆனால் கசப்பில்லாமல், வெங்காயத்தை நினைவூட்டும் கடுமையான மணம் கொண்டது. தளிரில் நைட்ரைட்டு இருப்பதால் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். முழுத் தளிரையும் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்துங்கள். செந்நிறம் மறைந்து பளிச்சென்று பச்சையாக மாறியவுடன் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டுப் பிழிந்து, பொடியாக நறுக்கி முட்டையில் அடித்துப் பொரியுங்கள். டோஃபுவில் பிசைந்தும் சாப்பிடலாம். வாங்கிய நாளிலேயே சமைத்துவிடுவது நல்லது.

உங்கள் கணவருக்கு மட்டும் இப்போது கொடுக்க வேண்டாம். சியாங்சுன், மூங்கில் குருத்து, ஜியுசாய்க் கீரை போன்ற வசந்தத் தளிர்கள் பலவும் மேல்நோக்கி எழும் ஆற்றலுடையவை என்பதால் விரும்பப்படுகின்றன. அதே காரணத்தால், அரிப்பும் தடிப்பும் உள்ளவர்களுக்கு அவை நோயைக் கிளப்பிவிடும் உணவு வகையில் சேர்க்கப்படுகின்றன. மகரந்தக் காலம் முடிந்து அரிப்பு அடங்கும் வரை பாலக்கீரையையும் ஷான்யாவையும் அவருக்குக் கொடுங்கள். தளிர்களை நீங்களும் மூதாட்டியும் சாப்பிடுங்கள்.