சனிக்கிழமை ஆபிங்டன், யார் யார் வர்றீங்க?

*வியாழன், 2 அக்டோபர் 2025*

அக்கா: சனிக்கிழமை ஆபிங்டன் போறோம். சார்லட்ல விடிகாலை கிளம்பினா மூணு மணி நேரத்துல வர்ஜீனியா. காலையில சைக்கிள், மத்தியானம் நாடகம். யார் யார் வர்றீங்க?

சித்தப்பா: ஒயிட்டாப் மலையில ஏத்தி விட்டா 17 மைல் மிதிக்காமலே இறங்கலாம்பாங்களே, அதானே? நான் ரெடி.

அக்கா: அந்தப் பக்கம் மூடியாச்சு சித்தப்பா. போன வருஷம் ஹெலீன் புயல் பாலத்தையெல்லாம் அடிச்சுட்டுப் போயிருச்சு. ஆபிங்டன்லேர்ந்து டமாஸ்கஸ் வரைக்கும்தான் இப்ப.

அத்தான்: சிரியாவுக்கு என்கிட்ட விசா இல்லையே 😄

அக்கா: ஆரம்பிச்சாச்சு. இது வர்ஜீனியாவுல இருக்கிற டமாஸ்கஸ்ங்க. நாம போற பாதை பழைய ரயில் தடம், தண்டவாளத்தை எடுத்துட்டு சைக்கிள் பாதை ஆக்கியிருக்காங்க. ஆல்வரேடோ வரைக்கும் 8 மைல் லேசான இறக்கம், ஜோரா போகும். திரும்பும்போதுதான் தொடை பேசும். நடுவுல அடுத்தவங்க மாட்டுப் பண்ணைக்குள்ளயே பாதை போகுது. கேட்டைத் திறந்தா சாத்திட்டுப் போகணும்.

அம்மா: என் முட்டிக்கு நாடகம் மட்டும் போதும். தயிர்சாதம் கட்டிட்டு வர்றேன்.

ஆச்சி: அங்க என்னல நாடகம்? டிக்கெட்டு எம்புட்டு?

நான்: ஆச்சி, அந்தக் கொட்டகை பேரே 'பார்ட்டர்', பண்டமாத்துன்னு அர்த்தம். 1933ல பஞ்சகாலம். நியூயார்க்ல நடிகருக்கு வேலையில்ல, இந்த ஊர்ல விளைஞ்சது விலை போகல. ராபர்ட் போர்ட்டர்ஃபீல்டுன்னு ஒருத்தர் நடிகர்களைக் கூட்டிட்டு வந்து, டிக்கெட் 40 சென்ட், காசு இல்லாதவங்க காய்கறி, கோழி எதுனாலும் கொண்டாங்கன்னுட்டார். முதல் சீசன் முடிவுல கையில மிஞ்சினது 4.35 டாலர். ஆனா நடிகர்கள் எல்லாருமாச் சேர்ந்து 300 பவுண்டு எடை கூடியிருந்தாங்களாம்.

ஆச்சி: உப்புக்காரன் வந்தா நாங்களும் நெல்லைத்தாம்ல அளந்தோம். சோறு கிடைச்சுதுல்லா, அது போதும்.

நான்: நாடகம் எழுதினவங்களுக்குக் கூலி பன்னித்தொடை. பெர்னார்ட் ஷா சைவம். அது வேண்டாம், கீரை அனுப்புங்கன்னு கேட்டாராம்.

ஆச்சி: மவராசன்! என்ன கீரை?

நான்: பசலை மாதிரி ஒண்ணு ஆச்சி.

*சனி, 4 அக்டோபர் 2025*

அக்கா: 📷 பாதை தொடங்குற இடத்துல நிக்கிற நீராவி எஞ்சின். அத்தான் ஏறி நின்னு கொடி காட்டுறார்.

அத்தான்: 📷 பாதைக்குக் குறுக்கே ஒரு மாடு. மணி அடிச்சேன், திரும்பிக்கூடப் பார்க்கல. அசை போட்டுக்கிட்டே நிக்குது.

சித்தப்பா: வாடகை சைக்கிள்ல சீட்டு நிக்க மாட்டேங்குது. அரை மைலுக்கு ஒரு விரக்கடை இறங்குது. இப்ப முழங்கால் தாடையில இடிக்குது.

அக்கா: ஆல்வரேடோ வந்துட்டோம். எங்க இருக்கீங்க சித்தப்பா?

சித்தப்பா: பின்னாடியேதான். மரப்பாலத்து மேல மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கேன். கீழ ஆறு, கரையில ஒரு மரம் மட்டும் செக்கச்செவேல்னு. சீட்டை மன்னிச்சுட்டேன்.

அம்மா: நான் கொட்டகை வாசல்லயே இருக்கேன். 2 மணிக்குள்ள குளிச்சுட்டு வாங்க, வேர்வையோட உள்ள வராதீங்க.

ஆச்சி: ஏல, கேட்டையெல்லாம் சாத்துனீங்களா?

அக்கா: சாத்தினோம் ஆச்சி. கடைசியா வந்தது சித்தப்பாதான்.

ஆச்சி: அவன்கிட்டயே கேளு.

சித்தப்பா: அம்மா, ஒரு பத்து நிமிஷம். இந்தா திரும்பிப் போயிட்டு வந்துடுதேன்.