அரை ரெப், முழு ரெப்: மனதை விட்டுப் போகாத ஒரு நாள்

சுண்ணாம்புக்கை

மூன்று விளக்கும் சிவப்பு. கண்ணை மூடினால் இன்னும் அதுதான் தெரிகிறது.

என் முதல் பவர்லிஃப்டிங் போட்டி. ஜிம்மில் 160 கிலோ ஸ்குவாட்டை (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) ஐந்து ரெப், அதாவது ஐந்து தடவை, போடுகிறவன், அதனால் தயங்காமல் முதல் முயற்சிக்கே 160 எழுதிக் கொடுத்தேன். இறங்கினேன், ஏறினேன், லேசாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் மூன்று நடுவர்களின் விளக்கும் சிவப்பு, அதாவது செல்லாது. ஆழம் போதவில்லை. விதி உங்களுக்கெல்லாம் தெரியும்: இடுப்பு மடியும் இடத்தில் தொடையின் மேற்பரப்பு முழங்கால் உச்சியைவிடக் கீழே போயாக வேண்டும். போனேன் என்றே நம்பினேன். இரண்டாவது முயற்சியில் இன்னும் கொஞ்சம் இறங்கினேன், மறுபடியும் சிவப்பு. எழுதிக் கொடுத்த எடையைக் குறைக்க விதியில் இடமில்லை, எனவே மூன்றாவதும் அதே 160.

இந்தத் தடவை வைராக்கியமாக இறங்கினேன். இறங்கிய இடத்தில் கால் நின்றுபோனது. வலி இல்லை, நடுக்கம்கூட இல்லை. தள்ளச் சொன்னால் தள்ள அங்கே எதுவும் இல்லை, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஸ்பாட்டர்கள் (தவறினால் தாங்க நிற்பவர்கள்) பாரைப் பிடித்த அந்த நேரத்தில், மேடை ரப்பரில் இருந்த ஒரு நீளக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் ஸ்குவாட் போட்டவன், அந்தக் கடைசி நாலு விரல் ஆழத்துக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை என்று அங்கேதான் உறைத்தது. மூன்று முயற்சியும் தவறினால் டோட்டல், அதாவது போட்டியின் மொத்தக் கணக்கு, கிடையாது. போட்டி முடிந்தது.

திரும்பி வந்து முழு ஆழத்தில் போட்டுப் பார்த்தேன். 122.5 கிலோ. அதுதான் என் உண்மையான கணக்கு. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

அடுத்தசெட்

எனக்கு பெஞ்ச் பிரஸ், படுத்தபடி பாரை மேலே தள்ளுவது. மார்புக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு 90 கிலோ, எட்டு ரெப். பக்கத்து பெஞ்சில் ஒரு அக்கா இருப்பார், அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் ஸ்பாட் கேட்டேன். "தம்பி, நெஞ்சுல தொட்டு ஒரு செகண்ட் வச்சுட்டு ஏத்துங்க" என்றார். தொட்டேன், வைத்தேன். பார் அங்கேயே இருந்துவிட்டது. அவர்தான் இரண்டு கையாலும் இழுத்து ரேக்கில் வைத்தார். முகம் கொடுக்க முடியாமல் நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். அப்புறம் அவரைப் பார்க்கவே இல்லை. எடை குறைந்ததைவிட அதுதான் உறுத்துகிறது.

மெல்லத்தான்

சுண்ணாம்புக்கை, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் "உண்மையான கணக்கு" என்ற வார்த்தை என்னைக் குத்துகிறது.

முழங்கால் சிப்பிக்குக் கீழே தசைநாணில் வலி வந்து, படி இறங்கக் கைப்பிடி தேவைப்பட்ட காலம் எனக்கு உண்டு. பிசியோ என்னை ஒரு பெட்டியில் உட்கார்ந்து எழச் சொன்னார். பெட்டி உயரம் போதாது என்று மேலே ஏழு பிளேட் அடுக்கினோம். வலி இல்லாத வாரத்தில் ஒன்றை எடுக்க வேண்டும், வலித்தால் திரும்ப வைக்க வேண்டும். நான்காவது பிளேட்டை எடுத்துக் கையில் வைத்திருந்தபோது ஒருவர் நின்று, "பாதி ரெப் போட்டா பாதிக் கால்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த பிளேட்டின் குளிர்ச்சி உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. அது எனக்குப் பாதி ரெப் இல்லை, அன்று என்னால் முடிந்த முழு ரெப்.

பால் ஆண்டர்சன் செய்ததும் இதே முறைதானே. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் தங்கம் வாங்கிய மனிதர். குழி தோண்டி அதில் நின்று, பாரைக் கொஞ்ச தூரம் மட்டும் தூக்கி, நாளாக நாளாகக் குழியில் மண் போட்டு வீச்சை, அதாவது இறங்கி ஏறும் தூரத்தை, கூட்டிக்கொண்டே போனார். அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில்லை.

கெண்டைக்கால்

என் கதை சின்னது. ஒரு வருஷம் காஃப் ரெய்ஸை (குதிகாலைத் தூக்கி இறக்குவது) உச்சியிலேயே துள்ளித் துள்ளிப் போட்டேன், கால் அப்படியே இருந்தது. ஒரு நாள் குதிகாலை முழுசாகத் தொங்கவிட்டு மூன்று விநாடி நின்றேன். மறுநாள் கட்டிலில் இருந்து இறங்க முடியவில்லை.

இதில் எல்லோரும் ஒன்றை விட்டுவிடுகிறீர்கள். பாதி என்றால் எந்தப் பாதி? 2023இல் வந்த ஒரு காஃப் ரெய்ஸ் ஆய்வு, எட்டு வாரம். கெண்டைக்காலின் உட்பக்கத் தசை, குதிகால் கீழே இருக்கும் பாதியை மட்டும் செய்தவர்களுக்கு 15.2 சதவீதம் வளர்ந்தது. முழு வீச்சுக்கு 6.7. உச்சிப் பாதிக்கு 3.4. ஆக, தசை நீண்டு எடையைத் தாங்கும் பாதிதான் வேலை செய்கிறது. நாம் எல்லோரும் தவிர்ப்பதும் அதே பாதியைத்தான். 2019இல் வந்த பத்து வார ஸ்குவாட் ஆய்வில் பாதி ஆழம், முழு ஆழம் என இரண்டு குழு; முன்தொடை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தது. உள்தொடையும் பிட்டமும் முழு ஆழத்துக்குப் போனவர்களுக்கே அதிகம் வளர்ந்தன.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கேமராவை இடுப்பு உயரத்தில், நேர் பக்கவாட்டில் வையுங்கள். மேலேயிருந்து எடுத்தால் ஆழம் சரியாகத் தெரியாது, முன்னால் இருக்கும் கண்ணாடியை நம்பவே வேண்டாம். ரேக்கின் பாதுகாப்புக் கம்பியை உங்கள் அடி ஆழத்துக்கு ஒரு துளைக்குக் கீழே போடுங்கள், அப்போதுதான் பயமில்லாமல் இறங்குவீர்கள். எடையில் கால் பங்கைக் கழற்றிவிடுங்கள். கீழே இரண்டு விநாடி நில்லுங்கள், துள்ளி ஏறாதீர்கள். குதிகால் தூக்கினால் அடியில் சின்ன பிளேட் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் கணுக்கால் இறுக்கம்தான் காரணம். அப்புறம், முழுசா உட்கார்ந்தால் முட்டி போய்விடும் என்று யாராவது சொன்னால், அந்தப் பயம் 1961இல் கிளைன் என்பவர் வெளியிட்ட ஒரு ஆய்வில் இருந்து பரவியது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. முழு ரெப் முடியாமல் போன பிறகு கீழ்ப்பாதியில் இரண்டு மூன்று ரெப் சேர்த்தால் இன்னும் நல்லது. ஸ்குவாட்டில் மட்டும் அதை வேண்டாம் என்பேன்.

இன்னொருதடவை

கெண்டைக்கால், அந்த 2023 ஆய்வில் இருந்தவர்கள் அதுவரை எடைப்பயிற்சியே செய்யாத பெண்கள். அதை முழுசாகச் சொல்லுங்கள். 2025இல், பழகியவர்களை வைத்து ஒரு கைக்கு முழு வீச்சும் இன்னொரு கைக்கு நீளும் பாதியும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு கையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே வளர்ந்தன. எனவே "கீழ்ப்பாதியே போதும்" என்று புதிதாக வருகிறவரிடம் சொல்லாதீர்கள். ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டு, பைசெப்ஸ் கர்ல் எல்லாவற்றையும் அடியிலேயே ஆட்டிக்கொண்டிருந்தான். நிறுத்தி மேலே கொண்டுவரச் சொன்னேன், அவன் "இல்லண்ணே, இதுதான் சயின்ஸ்" என்றான். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். மெல்லத்தானுக்கு பிசியோ சொன்னது வேறு விஷயம், அதை இந்தச் சண்டையில் இழுக்க வேண்டாம்.

தொங்கும்கை

எனக்கு புல்-அப். பன்னிரண்டு போடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். தோழி ஒருத்தி, "நான் எண்றேன், கை முழுசா நீண்டாத்தான் எண்ணுவேன்" என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு அப்புறம் சத்தமே இல்லை. நான் ஏறுகிறேன், இறங்குகிறேன், மூச்சு வாங்குகிறது, அவள் வாயைத் திறக்கவில்லை. கீழே குதித்து, "ஏன்டி நிறுத்திட்ட?" என்று கேட்டேன். "நீதான் நிறுத்திட்ட" என்றாள். முழங்கை மடங்கியபடியே ஏழெட்டு தடவை ஆடியிருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. அவள் வாயால் "நாலு" கேட்க இரண்டு மாதம் ஆனது.

சுண்ணாம்புக்கை

மெல்லத்தான், அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் எனக்கே சொல்லிக்கொண்ட பொய்யைப் பற்றிச் சொன்னேன், உங்களைப் பற்றி இல்லை. ஏழில் இப்போது எத்தனை பிளேட் மிச்சம்?

மெல்லத்தான்

ஒன்று. போன வாரம் எடுத்தேன், வலித்தது, திரும்ப வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் எடுத்துப் பார்க்கிறேன்.