வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை வாங்கும்போது கல்லூரியில் சேரலாமா?

தாமிரபரணி (கேள்வி):
தங்கை பிளஸ் டூ தகுதியை 2018-ல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவள். தமிழக அரசின் உதவித்தொகை போன ஜூலையிலிருந்து வருகிறது. மாதம் 400 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,200-ஆகக் கணக்கில் ஏறுகிறது. இப்போது பி.காம். படிக்க ஆசைப்படுகிறாள். பக்கத்து ஊரில் மாலைக் கல்லூரி இருக்கிறது, தொலைதூரக் கல்வியிலும் சேரலாம். எதில் சேர்ந்தால் தொகை நிற்காது? படித்து முடித்ததும் பட்டதாரிக்கான 600 ரூபாய் கிடைக்குமா?

நெல்மணி:
தொலைதூரக் கல்வி என்றால் தாராளமாகச் சேரட்டும், தொகை நிற்காது. மாலைக் கல்லூரி வேண்டாம்.

விதி சொல்வது இதுதான்: அன்றாடம் கல்வி நிறுவனத்துக்குச் சென்று படிப்பவராக இருக்கக் கூடாது. தொலைதூரக் கல்வி, அஞ்சல்வழிக் கல்வி இரண்டுக்கு மட்டும் விலக்கு. மாலைக் கல்லூரியில் வகுப்பு ஐந்து மணிக்குத் தொடங்கினாலும் தினமும் போக வேண்டும், வருகைப் பதிவு உண்டு. "பகலில் வேலை தேடுகிறேனே" என்ற வாதம் அங்கே எடுபடாது.

இது எங்கே வெளிப்படும் என்றால், டிசியில். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலோடு அசல் மாற்றுச் சான்றிதழையும் கொண்டுவரச் சொல்வார்கள். கல்லூரியில் சேர்ந்தால் அந்த அசலை அங்கே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சரிபார்க்கக் கேட்டால் கையில் நகல்தான் இருக்கும். தொலைதூரக் கல்வியிலும் சில பல்கலைக்கழகங்கள் அசல் டிசி கேட்பதுண்டு. கொடுக்கும் முன் இரண்டு மூன்று நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். சேர்க்கைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். படிப்பது தொலைதூர முறையில்தான் என்பதற்கு அந்தச் சீட்டே ஆதாரம்.

வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் சுய உறுதிமொழியில் வேலையில் இல்லை, வருமானம் வரம்புக்குள் இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறோம். தினமும் கல்லூரிக்குப் போய்க்கொண்டே அதில் கையெழுத்திட்டால், தகுதி இல்லாததை மறைத்துத் தொகை வாங்கியதாகிவிடும். 400 ரூபாய்க்காக அந்த வம்பு வேண்டாம். வழக்கமான கல்லூரிதான் வேண்டும் என்று தங்கை முடிவெடுத்தால் அதுவும் நல்லதே. சேரும் தேதியைக் குறிப்பிட்டு அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துத் தொகையை நிறுத்தச் சொல்லிவிடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தொகை நின்றாலும் பதிவு மூப்பு அப்படியே இருக்கும்.

கீழைக்காற்று:
600 ரூபாய் பற்றி: கிடைக்காது. எந்தத் தகுதிக்குத் தொகை கேட்கிறோமோ அந்தத் தகுதியைப் பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். பி.காம். முடித்த அன்றே பதிந்தாலும் பட்டதாரி கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. மாற்றுத்திறனாளி அல்லாத பொதுப் பிரிவினருக்குத் தொகை மொத்தமே மூன்று வருடம்தான், 12 காலாண்டு. ஒருமுறை வாங்கி முடித்தவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. ஆகவே தங்கைக்கு மொத்தம் 14,400 ரூபாய், அவ்வளவே. பட்டத்தை மட்டும் தாமதிக்காமல் பதிந்துவிடுங்கள், வேலைக்குப் பரிந்துரைப்பதற்கான மூப்பு அந்தத் தேதியிலிருந்துதான்.

இடையில் தொகை தடைபடுவதற்குப் படிப்பை விட அதிகமாகக் காரணமாவது இரண்டு. ஒன்று, பதிவைப் புதுப்பிக்க மறப்பது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்தே ஆக வேண்டும், விட்டுவிட்டால் மூப்பே போகும். மற்றது குடும்ப வருமானம், ஆண்டுக்கு 72,000-ஐத் தாண்டக் கூடாது. மாதம் 6,000 என்று வைத்துப் பாருங்கள், வீட்டில் ஒருவர் கடை வேலைக்குப் போனாலே தாண்டிவிடும்.

தாமிரபரணி:
தெளிவாகிவிட்டது, இருவருக்கும் நன்றி. தொலைதூரக் கல்வியில் படித்த பட்டம் டிஎன்பிஎஸ்சிக்குச் செல்லுமா? பயிற்சி வகுப்புக்குப் போனால் அதுவும் "அன்றாடம் படிப்பவர்" ஆகுமா?

நெல்மணி:
செல்லும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். பள்ளிப் படிப்பு இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தைத்தான் அரசு வேலைக்கு ஏற்பதில்லை, 2009-ல் வந்த அரசாணை 107 அது. தங்கைக்கு அந்தச் சிக்கலே இல்லை.

பயிற்சி வகுப்பு கல்லூரிச் சேர்க்கை ஆகாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களிலேயே தன்னார்வ பயிலும் வட்டம் என்று இலவசமாக நடத்துகிறார்கள். வாய்ப்பிருந்தால் கட்டாயம் அனுப்புங்கள். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை என்பதுதான் வருத்தம்.

வைகைக்கரை:
சேர்க்கையில் ஒரு விஷயம். 2024-லிருந்து தொலைதூரப் படிப்பில் சேர யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) டெப் ஐடி, அதாவது தொலைதூரக் கல்விப் பிரிவின் மாணவர் எண் வேண்டும்; அதை உருவாக்க ஏபிசி ஐடி, அதாவது படிப்பின் கிரெடிட்டுகளைச் சேமிக்கும் கணக்கின் எண் வேண்டும். ஏபிசி ஐடி டிஜிலாக்கர் வழியாக ஆதாரில் உள்ள பெயரை எடுத்துக்கொள்ளும். மதிப்பெண் பட்டியலில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று இருந்தால் சேர்க்கைப் படிவத்தில் பெயர் ஒத்துவராது. முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு ஐடி எடுங்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஜனவரி, ஜூலை என இரண்டு பருவச் சேர்க்கை உண்டு, ஒன்று தவறினாலும் அடுத்ததில் சேரலாம். அந்தப் பாடத்துக்கு அந்த ஆண்டு யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று பட்டியலில் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

கீழைக்காற்று:
இதைப் படிக்கும் மாற்றுத்திறனாளி நண்பர்களுக்கு: உங்களுக்குக் கணக்கே வேறு. பதிந்து ஒரு வருடம் போதும், வருமான வரம்பு கிடையாது, பத்து வருடம் வரை வரும். பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூ 750, பட்டம் 1,000. மேலே சொன்ன மூன்று வருடக் கணக்கைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.