போர் முடிந்த பிறகு வீட்டுக்குள் என்ன நடக்கிறது? அதைக் காட்டும் படங்கள் வேண்டும்

மழைத்துளி:
போர்க்களப் படங்கள் நிறையப் பார்த்தாகிவிட்டது. சண்டை ஓய்ந்து ஒருவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான், இல்லை வராமலே போய்விடுகிறான், அதற்கப்புறம் அந்த வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பழைய படமானாலும் சரி.

பகல்காட்சி:
வில்லியம் வைலரின் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்', 1946. கடற்படையில் இரண்டு கைகளையும் இழந்து, கைக்குப் பதில் கொக்கிகளோடு ஊர் திரும்பும் ஹோமர். நடித்த ஹெரால்ட் ரசலுக்கு நிஜமாகவே கைகள் கிடையாது, 1944இல் ராணுவப் பயிற்சியில் வெடிவிபத்து. இதே பாத்திரத்துக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கினார். காதலியிடம் அவன் வாயால் மட்டும் விளக்கி நிறுத்துவதில்லை, தன் அறைக்குக் கூட்டிப்போய், தோள்வாரோடு கொக்கிகளைக் கழற்றிப் படுக்கையில் போட்டுவிட்டு, இனி இந்தக் கதவு சாத்திக்கொண்டால் என்னால் திறக்க முடியாது என்கிறான். அவள் அவனுடைய இரவுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறாள். அந்தப் பொத்தான் போதும் எனக்கு.

வடக்குத்தெரு:
வராமல் போனவனின் வீடு என்றால் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). மகன் போரில் போய் எட்டு வருஷம். பெற்றோர் டோக்கியோ வருகிறார்கள், பெற்ற பிள்ளைகளுக்கு நேரமில்லை, விதவை மருமகள் நோரிகோதான் வேலைக்கு விடுப்புப் போட்டு ஊர் சுற்றிக் காட்டுகிறாள். ஓர் இரவு மாமியார் அவளுடைய சின்ன அறையில், செத்துப்போன மகனின் படுக்கையில் படுத்துக்கொண்டு, வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டு அழுகிறாள். நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி ஓட்டினேன்.

கரிசல்:
மன்னிக்கணும், எனக்கு நோரிகோ மேல் ஒரு வருத்தம் உண்டு. தியாக மருமகள், சிரித்த முகம். இதை எத்தனை காலம்தான் பெண்கள் தலையில் கட்டுவது?

வடக்குத்தெரு:
கரிசல், கடைசிப் பகுதியை மறுபடி பாருங்கள். மாமனார் அவளை நல்லவள் என்று புகழும்போது, இல்லை, நான் சுயநலக்காரி, அவரை நினைக்காமலே நாட்கள் போய்விடுகின்றன என்று அவளே உடைந்து சொல்கிறாள். மாமனாரும் மறந்துவிட்டால் பரவாயில்லை என்கிறார். அவளைத் தியாகியாக்குவது ஓசு இல்லை, நாம்தான்.

கரிசல்:
சரி, அந்த வரி என் நினைவில் இல்லை. பார்க்கிறேன்.

நெடுந்தூரம்:
'தீபன்' (2015) யாரும் சொல்லவில்லையே! கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப்பனை வாங்கிய படம், பேச்சு பெரும்பாலும் நம் தமிழ். இலங்கையின் முன்னாள் விடுதலைப் புலிகள் இயக்கப் போராளியாக வரும் எழுத்தாளர் ஷோபாசக்தியும் இளவயதில் அந்த இயக்கத்தில் இருந்தவர்தான். தொடக்கத்தில் யாழினி என்ற பெண் அகதி முகாமில் தாயில்லாத பிள்ளை யாராவது உண்டா என்று தேடி அலைகிறாள், பிள்ளை மேல் பாசம் வந்து இல்லை, இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டில் ஏற ஒரு மகள் தேவைப்படுகிறாள். முன்பின் தெரியாத மூன்று பேர் பிரான்சில் ஒரே வீட்டில் அப்பா, அம்மா, மகள். முடிவு எனக்கு ஒட்டவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை, இவள் நிஜ அம்மா இல்லை என்று தெரிந்தே அவளிடம் அன்பைக் கேட்கிற இடங்களுக்காக இரண்டு முறை பார்த்தேன்.

மழைத்துளி:
பொத்தானிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இன்றிரவு.