வீட்டு பேட்டரியால் கரன்ட் பில் குறையுமா? 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு

பல்லாவரம்_மாடிவீடு:
இரண்டு மாசத்துக்கு 700 யூனிட் ஓடுகிற வீடு. மொட்டை மாடியில் 2 கிலோவாட் பேனலுக்கு இடம் உண்டு. "நெட் மீட்டரெல்லாம் (மிஞ்சும் சோலார் கரன்டை ஈ.பி.க்குக் கொடுத்துக் கணக்கில் கழிப்பது) அலைச்சல், ஒரு லித்தியம் பேட்டரி வையுங்க, பில் பாதியாயிடும்" என்கிறார் கடைக்காரர். போட்டவர்கள், போட்டுக் கொடுத்தவர்கள் நிலவரம் சொல்லுங்கள். எங்கே கெடும் என்பதுவரை வேண்டும்.

பில்_கணக்கு:
பாதியாகும், அது சரிதான். அதில் பேட்டரிக்குப் பங்கு கொஞ்சம், நம்ம ஊர் ஸ்லாபுக்குத்தான் (யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் படிக்கட்டுக் கட்டணம்) அதிகம். 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, படிக்கட்டு அதேதான்.

500-க்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆன உடனே அந்த ரூ.2.25 படி காணாமல் போகும், 101-லிருந்தே ரூ.4.50 விழும். 501 முதல் ரூ.8, 601 முதல் ரூ.9, 801 முதல் ரூ.10, ஆயிரத்துக்கு மேல் ரூ.11. அந்த 501-வது யூனிட் ஒன்றுக்கு மட்டும் 233 ரூபாய் கொடுக்கிறீர்கள்.

700 யூனிட்டுக்கு 3,650. அதையே 490-க்கு இறக்கினால் 1,665. குறைத்தது 210 யூனிட், மிச்சம் 1,985, யூனிட்டுக்கு ஒன்பதரை ரூபாய் கிட்ட. அதற்குக் கீழே இறங்க இறங்க லாபம் சுருங்கும்: 490-லிருந்து 400-க்கு வந்தால் யூனிட்டுக்கு 6, அதற்கும் கீழே 4.50.

இனி பேட்டரிச் செலவு. 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பெட்டியில் 5.12 யூனிட் பிடிக்கும், தினமும் 4 யூனிட் நிம்மதியாக எடுக்கலாம். கணக்குக்கு விலை ஒரு லட்சம் என்று வையுங்கள். பத்து வருஷத்தில் 14,600 யூனிட், அதாவது ஒரு யூனிட்டைத் தேக்கி எடுக்க ரூ.6.85. பேனலும் இன்வெர்ட்டரும் இதில் சேரவில்லை. 4.50 ரூபாய் யூனிட்டை மிச்சம் பிடிக்க 6.85 செலவழிப்பது வீண். 8, 9, 10 ரூபாய் யூனிட்டுக்கு மட்டும்தான் பேட்டரி. உங்களுக்குத் தேவை நாளைக்கு 3.5 யூனிட் குறைப்பு. வீடு முழுக்க பேட்டரியில் ஓட வேண்டும் என்று யாராவது 10 யூனிட், 15 யூனிட் பெட்டி விற்க வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

கூரை_சோலார்:
அதற்கும் முன்னால் ஒன்று. நெட் மீட்டர் கிடைக்கிற வீட்டில் பில்லுக்காக பேட்டரி வாங்காதீர்கள். ஈ.பி. லைனே உங்கள் பேட்டரி, தேய்மானமும் கிடையாது. 2 கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 8 யூனிட் தரும், இரண்டு மாசத்தில் 480. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 30,000 வீதம் 2 கிலோவாட்டுக்கு 60,000 மானியம், 3-க்கும் அதற்கு மேலும் 78,000. இது பேனலுக்குத்தான், பேட்டரிக்குக் கிடையாது. அந்த "அலைச்சல்" ஒரு தடவைதான் சார்.

பேட்டரிக்கு நியாயம் இருப்பது இரண்டு இடத்தில். கூரைக்குப் பத்திரம் வேறு பேரில், அல்லது சர்வீஸ் இணைப்பு வேறு பேரில் இருந்து நெட் மீட்டர் சிக்கலாகிற வீடு. இல்லையென்றால், பவர்கட்டுக்காக எப்படியும் யுபிஎஸ் பேட்டரி மாற்றிக்கொண்டே இருக்கிற வீடு. சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் பவர்கட் ஆனால் பாதுகாப்புக்காகத் தானும் அணைந்துவிடும், உச்சிவெயிலிலும் ஃபேன் சுற்றாது. பலருக்கு இது பணம் கட்டிய பிறகுதான் தெரிகிறது.

பல்லாவரம்_மாடிவீடு:
இணைப்பு அப்பா பேரில், வீடு மூன்று பங்கு. அதனால்தான் பேட்டரி யோசனை. ஏற்கெனவே 150 ஆம்பியர் டியூபுலர் (யுபிஎஸ்ஸுக்குப் போடும் ஈய பேட்டரி) இரண்டு கிடக்கிறது. அதையே சோலாருக்குக் கட்டலாமா?

வயர்மேன்_கோவை:
தினசரி ஓட்டத்துக்கு வேண்டாங்க. 12 வோல்ட் 150 ஆம்பியர்-ஹவர் என்றால் எழுத்தில் 1.8 யூனிட், பாதிக்கு மேல் எடுத்தால் தகடு போய்விடும், கைக்கு வருவது 0.9. போட்டதில் கால்வாசி சூடாகப் போகும். பாதி ஆழத்துக்கு 1,300 தடவை தாங்கும், பேட்டரி 15,000 ரூபாய் என்று போட்டுப் பாருங்கள்: யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல். உச்ச ஸ்லாபைவிட விலை அதிகம். பவர்கட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, யுபிஎஸ்ஸுக்கு விற்பது பெரும்பாலும் சி20 கணக்கு (20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் வரும் அளவு), சோலாருக்கு வருவது சி10 (10 மணி நேரத்தில்). அதே 150 என்று எழுதியிருந்தாலும் சி20 பேட்டரி வேகமாக எடுத்தால் அவ்வளவு தராது. லித்தியத்தோடு டியூபுலரைப் பேரலலாகக் கட்டும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள், இரண்டுக்கும் சார்ஜ் வோல்டேஜே வேறு.

லித்தியத்தில் அடிக்கடி பார்க்கிற கோளாறு: 5 கிலோவாட் இன்வெர்ட்டர், அதற்கு ஒரே ஒரு 100 ஆம்பியர்-ஹவர் பெட்டி. 5 கிலோவாட் இழுத்தால் 105, 110 ஆம்பியர் போகும். பெட்டிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் கட்டுப்பாட்டு போர்டு) பல மாடல்களில் 100-க்குத்தான். ஏசி ஓடும்போது 1 எச்.பி. மோட்டாரைப் போட்டால் ஸ்டார்ட்டிங்கில் ஐந்தாறு மடங்கு கேட்கும், பிஎம்எஸ் கட் ஆகும், வீடே இருட்டு. பேட்டரி மேல் பழி போட்டு கடைக்குத் தூக்கிப்போவார்கள். ஒரு பெட்டிக்கு 3 கிலோவாட் இன்வெர்ட்டர் அளவு. மோட்டார், கீசர், இண்டக்‌ஷன் மூன்றையும் ஈ.பி. லைனிலேயே விட்டுவிடுங்கள்.

கேபிள்: 3 கிலோவாட்டுக்கு 25 சதுர மி.மீ. செம்பு ஃப்ளெக்சிபிள், 5-க்கு 35. நீளம் ஒன்றரை மீட்டருக்குள். லக்கை (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்த வேண்டும், சுத்தியலால் தட்டியது ஒரு கோடையிலேயே கறுத்துவிடும். லக் நேராக டெர்மினலில் உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலே. வாஷரை நடுவில் வைத்தால் மின்சாரம் இரும்பு வழியாகப் போய் அந்த இடம் கொதிக்கும். பேட்டரிப் பக்கம் டிசி எம்சிபி (கரன்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) அல்லது டிசி ஃப்யூஸ்தான். வீட்டு போர்டில் இருக்கும் ஏசி எம்சிபியை அங்கே போட்டால் லோடில் அணைக்கும்போது பொறி அறுபடாது, உள்ளேயே எரியும். டிசி எம்சிபியிலும் பலவற்றில் பிளஸ் மைனஸ் குறி இருக்கும், மாற்றிப் போடாதீர்கள்.

மொட்டை மாடி தகர ஷெட்டில் பேட்டரி வைப்பதும் கூடாது. 6,000 சைக்கிள் என்று அட்டையில் இருப்பது 25 டிகிரியில். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே 50 தொடும். மாடிப்படிக்கு அடியில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

செட்டிங்_மனிதர்:
வயரிங் சரியாக இருந்தும் பில் குறையாத வீடுகளில் முக்கால்வாசி செட்டிங்தான் காரணம். ஆக்ஸ்பெர்ட் வகை இன்வெர்ட்டர்கள் பல பெயர்களில் விற்கின்றன, மெனு எண் பெரும்பாலும் ஒன்றே. கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

01-இல் எஸ்பியு: முதலில் சோலார், பிறகு பேட்டரி, கடைசியில் ஈ.பி. கடையிலிருந்து வரும்போது ஈ.பி. முதலில் என்று இருக்கும். அப்படியே விட்டால் பேட்டரி நிறைந்து சும்மா நிற்கும், மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

16-இல் ஓஎஸ்ஓ, சோலாரில் மட்டும் சார்ஜ். இதை விட்டால் ராத்திரி ஈ.பி. கரன்டிலேயே பேட்டரியை நிரப்பும். 10 யூனிட் வாங்கி 8, 9 யூனிட் திருப்பித் தரும், பில் கூடும். தினமும் நீண்ட பவர்கட் உள்ள ஊர் என்றால் மட்டும் எஸ்என்யு (சோலார், ஈ.பி. இரண்டிலும் சார்ஜ்), அதிலும் 11-இல் ஈ.பி. சார்ஜை 10 ஆம்பியருக்குக் குறைத்து.

05-இல், அதாவது பேட்டரி வகையில், யுஎஸ்இ (வோல்டேஜை நாமே வைப்பது) வைத்து, 16 செல் லித்தியத்துக்கு 26-இல் (முழு சார்ஜ் வோல்டேஜ்) 56.0 முதல் 56.4, 27-இல் (நிரம்பியபின் பிடித்து வைக்கும் வோல்டேஜ்) 54.0. 02-இல் மொத்த சார்ஜ் 50 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். 12-இல், அதாவது ஈ.பி.க்குத் திரும்பும் வோல்டேஜ் 50. 13-இல், பேட்டரிக்குத் திரும்புவது 54. இந்த இரண்டையும் நெருக்கமாக வைத்தால் லோடு விட்டதும் வோல்டேஜ் எழும்பும், திரும்ப பேட்டரிக்குப் போகும், உடனே இறங்கும். ராத்திரி முழுக்க ரிலே டக் டக் என்று அடிப்பது இதனால்தான். 29-இல், அதாவது பேட்டரியை முழுக்க நிறுத்தும் வோல்டேஜ் 48. 30-இல் ஈக்வலைசேஷன் அணைந்திருக்க வேண்டும், அது ஈய பேட்டரிக்கான 58 வோல்ட் வைத்தியம்.

பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே தகவல் கேபிள் என்று சாதாரண லேன் வயரைச் செருகுவார்கள். பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பேசாவிட்டால் எரர் காட்டும். சரியான கேபிள் கிடைக்கும்வரை வோல்டேஜ் கணக்கிலேயே ஓட்டலாம், ஒன்றும் கெடாது.

சதவீதத்தை நம்பாதீர்கள். லித்தியத்தின் வோல்டேஜ் நடுவில் தட்டையாக இருக்கும், பிஎம்எஸ் கூட்டிக் கழித்துத்தான் சொல்கிறது. பத்து நாளைக்கு ஒரு முறையாவது முழுசாக நிரம்பினால் கணக்கும் சரியாகும், செல்களும் சமமாகும். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் நிரம்பாமல் போகும்போதுதான் "35 சதவீதம் காட்டிவிட்டு அணைந்துபோனது" என்ற போன் வரும். அந்த மாசங்களில் ஒரு நாள் ஈ.பி.யில் நிரப்பிவிடுங்கள், அந்த அஞ்சு யூனிட் நஷ்டமில்லை.

பல்லாவரம்_மாடிவீடு:
நல்லது சார். லண்டனில் இருக்கும் மச்சான் ராத்திரி மலிவு கரன்டில் பேட்டரியை நிரப்பிப் பகலில் ஓட்டுகிறாராம். பேனலே இல்லாமல் அது இங்கே முடியாதா?

குரோய்டன்_தமிழ்:
இங்க அது நடக்கும், ஏனெண்டால் நேரத்துக்கு நேரம் விலை வேற. ஆக்டோபஸ் கோ மாதிரித் திட்டத்தில் இரவு 12.30-லிருந்து 5.30 வரை யூனிட் 8 பென்ஸ் வாக்கில, மற்ற நேரம் 25-க்கு மேல. போட்டு எடுக்கிறதில பத்தில ஒரு பங்கு போனாலும் 9 பென்ஸ்தான். 2024 பெப்ரவரி 1-லிருந்து தனி பேட்டரிக்கும் வாட் (VAT) விற்பனை வரி இல்லை. ஐந்து மணித்தியாலத்துக்குள்ள நிரம்பவேணும், 10 யூனிட் பேட்டரிக்கு 2 கிலோவாட்டுக்குக் குறையாத சார்ஜர் வேணும். சின்ன இன்வெர்ட்டர் போட்டவை காலையில அரைவாசி பேட்டரியோட நிக்கினம்.

பில்_கணக்கு:
தமிழ்நாட்டு வீடுகளுக்கு ராத்திரியும் பகலும் ஒரே விலை, அதனால் மச்சான் வழி இங்கே நேர் நஷ்டம். ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் நேரவாரிக் கட்டணம் என்று மத்திய அரசின் 2023 விதித் திருத்தம் சொல்கிறது: வெயில் நேரத்தில் 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்கு 10 சதவீதம் கூடுதல். 8 ரூபாய் ஸ்லாபில் இந்த இடைவெளி ரூ.2.40. தேக்கும் செலவு 6.85. அப்போதும் பேனல் இல்லாமல் கட்டாது.

வயர்மேன்_கோவை:
யாரும் கேட்காத செலவு ஒன்று: இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே 50 வாட் தின்னும், பெரிய மாடலில் இன்னும் அதிகம். நாளைக்கு 1.2, இரண்டு மாசத்துக்கு 72 யூனிட். உங்கள் 210 யூனிட் இலக்கில் மூன்றில் ஒரு பங்கு. வாங்கும்போது நோ-லோடு எவ்வளவு என்று கேளுங்கள், தெரியாது என்றால் கிளாம்ப் மீட்டரை பேட்டரிக் கேபிளில் மாட்டிப் பாருங்கள்: லோடு எல்லாம் அணைத்தபின் 52 வோல்ட்டில் 1 ஆம்பியர் என்றால் 52 வாட். இதனால்தான் 3 போதும் என்கிற வீட்டுக்கு 8 கிலோவாட் போடக்கூடாது.

த்ரீ பேஸ் வீடா?

பல்லாவரம்_மாடிவீடு:
ஆமாம் சார், த்ரீ பேஸ். கீழே ஆர்சிசிபியும் (கரன்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறது.

வயர்மேன்_கோவை:
ஒரு பேஸில் மட்டும் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் போட்டால் போதும், மீட்டர் மூன்றையும் கூட்டித்தான் கணக்கிடும். ஃப்ரிட்ஜ், ஃபேன், டிவி, படுக்கையறை இன்வெர்ட்டர் ஏசி ஆகியவற்றை அந்த பேஸுக்கு மாற்றுங்கள். வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் காலை பத்திலிருந்து மூன்றுக்குள் ஓடினால் பேட்டரி வழியாகச் சுற்றாமல் சோலாரிலிருந்தே போகும், தேய்மானச் செலவே இல்லை.

மாற்றும்போது நியூட்ரலையும் பிரிக்க வேண்டும். இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்குத் தனி நியூட்ரல் லிங்க். பழைய போர்டில் எல்லா நியூட்ரலும் ஒன்றாக முறுக்கியிருக்கும், அப்படியே விட்டால் போகிற கரன்ட் ஒரு வழி, திரும்புகிறது இன்னொரு வழி. இன்வெர்ட்டர் ஈ.பி.க்கு மாறும் போதெல்லாம் ஆர்சிசிபி விழும். சிலர் எரிச்சலில் ஆர்சிசிபியையே பைபாஸ் பண்ணிவிடுகிறார்கள், உயிருக்கு ஆபத்து. இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்கு 30 மில்லி ஆம்பியரில் இன்னொரு ஆர்சிசிபி போடுங்கள். பேட்டரியில் ஓடும்போது அது டெஸ்ட் பட்டனுக்கு விழுந்தால் மட்டும் போதாது. அந்தப் பட்டன் தன் உள்சுற்றைத்தான் சோதிக்கும், நியூட்ரல் எர்த் இணைப்பு இல்லாவிட்டாலும் விழும். பேட்டரி மோடில் அவுட்புட் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் பாருங்கள். 100 வோல்ட் வாக்கில் காட்டினால் நியூட்ரல் மிதக்கிறது என்று அர்த்தம், எலக்ட்ரீஷியனை வைத்துக் கையேட்டின்படி சரிசெய்தபின்தான் லோடு கொடுக்க வேண்டும்.

பில்_கணக்கு:
கடைசியாக, ரீடிங் எடுத்துப் போன தேதியை எழுதி வைத்து, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மீட்டரைப் பாருங்கள். 15-ஆம் நாள் 120, 30-ஆம் நாள் 240, 45-ஆம் நாள் 365-க்குள் என்றால் சரி. 45-இல் 400 தாண்டியிருந்தால், மிச்சமுள்ள பதினைந்து நாளுக்கு 12-ஆம் எண் செட்டிங்கை 49-க்கு இறக்கி பேட்டரியை இன்னும் கொஞ்சம் ஆழமாக ஓட விடுங்கள், ரீடிங் முடிந்ததும் மறுபடி 50.